மணமகளின் கைச்செண்டு: ஒரு சிறு வரலாறும் சில சிக்கன வழிகளும்



பள்ளி விடுமுறையின் முதல் வாரத்தில் என் முன்னாள் மாணவி ஒருத்தி தன் தாயாருடன் இல்லம் தேடி வந்தாள். ஆறாம் ஆண்டில் என் வகுப்பில் முன்வரிசையில் அமர்ந்து, எதற்கெடுத்தாலும் "ஏன் டீச்சர்?" என்று கேட்டவள். இன்று கையில் திருமண அழைப்பிதழ்! காலையில் கோயிலில் திருமணம். மாலையில் மண்டபத்தில் விருந்துபசரிப்பு. விருந்தில் அவளுடன் 6 மணத்தோழியர் கத்தரிப்பூ வண்ண ஆடையில் நடந்து வருவார்களாம். ஆடைகள் தைத்தாகிவிட்டன. எஞ்சியிருப்பது பூச்செண்டு மட்டுமே.

அந்தப் பூச்செண்டில்தான் சிக்கல் எழுந்தது. மணமகளுக்கு ஒன்று, தோழியருக்கு 6, ஆக 7 செண்டுகளுக்குக் கடைக்காரர் ஒருவர் எழுதித் தந்த விலைச்சீட்டைத் தாயார் மடித்து மடித்துக் கையில் வைத்திருந்தார். மகள் தேநீர்க் குவளைகளைக் கழுவ உள்ளே சென்றபோது அவர் மெல்லிய குரலில், "இவ அப்பா இருந்திருந்தா நான் யோசிக்கவே மாட்டேன் டீச்சர். தம்பியோட மேற்படிப்புக்குச் சேர்த்த காசுலதான் கை வைக்கணும் போல இருக்கு. வேணாம்னு சொல்லவும் மனசு வரல," என்றார்.

நான் பூக்கடைக்காரி அல்லள். வரலாற்றை விரும்பிப் படிக்கும் ஓர் ஆசிரியை மட்டுமே. ஆயினும் அன்றிரவு, இந்தக் கைச்செண்டு எங்கிருந்து வந்தது, யார் இதைப் பெரிதாக்கினார், யார் இதைச் சிறிதாக்கினார் என்று புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். படித்ததை அந்தத் தாய்க்கும் மகளுக்கும் சொன்னேன். அதையே உங்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். பிள்ளைகளின் திருமணத்தை எதிர்நோக்கும் பெற்றோருக்கு இது பயன்படக்கூடும். வரலாற்றுப் பாடத்தில் மாணவர்களுக்குச் சுவையாகச் சொல்லவும் உதவும்.

முதலில் ஒரு பொய்யைக் களைவோம்

1999ஆம் ஆண்டில் ஆங்கில மின்னஞ்சல் ஒன்று உலகெங்கும் சுற்றத் தொடங்கியது. 1500களில் இங்கிலாந்து மக்கள் ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதத்தில்தான் குளித்தார்களாம். அதனால் ஜூன் மாதத்தில் திருமணம் செய்தார்களாம். அதற்குள் உடல் மீண்டும் நாறத் தொடங்கியதால் மணமகள் கையில் பூச்செண்டு ஏந்தினாளாம்! இந்தக் கதை இன்றும் திருமண இதழ்களிலும் மேடைப் பேச்சுகளிலும் உலவுகிறது.

இது வெறும் கட்டுக்கதை. அக்காலத்து இங்கிலாந்தின் தேவாலயத் திருமணப் பதிவேடுகள் அழியாமல் உள்ளன. அவற்றை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள், தானியம் விளையும் ஊர்களில் அறுவடை முடிந்த இலையுதிர் காலத்திலும், ஆடு மாடு வளர்க்கும் ஊர்களில் கன்று ஈனும் பருவம் கழிந்த பின்னரும் திருமணங்கள் மிகுந்திருந்தன என்று காட்டியுள்ளனர். வேலை ஓய்ந்து, கையில் பணம் புழங்கும் நேரத்தில் மணம் முடித்தார்கள். அறுவடை முடிந்த பின் வழி பிறக்கும் என்று தை மாதத்தை எதிர்நோக்கும் நமக்கு இது புரியாத செய்தியா? ஒரு கதை எவ்வளவு சுவையாக இருந்தாலும், ஆதாரம் எங்கே என்று கேட்கும் பழக்கத்தை நம் மாணவர்களுக்கு ஊட்ட இம்மின்னஞ்சல் நல்லதோர் எடுத்துக்காட்டு.

மூலிகையில் தொடங்கிய மரபு

மணப்பெண்ணுக்கும் மலருக்கும் உள்ள உறவு மேலை நாடுகளில் மிகப் பழையது. பண்டைய உரோமில் மணமகள் தன் கையாலேயே பறித்த மலர்களைக் கொண்டு தொடுத்த முடிமாலையை முக்காட்டின் கீழ் அணிந்தாள். மலர்கள் கையில் அல்ல, தலையில் இருந்தன என்பதைக் கவனியுங்கள்.

இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டுத் திருமணங்களில் முதலிடம் பெற்றது பூ அன்று. ரோஸ்மேரி என்னும் மணமிக்க மூலிகை. ஆண்டு முழுதும் பசுமை மாறாதது. நினைவுக்கும் மாறா அன்புக்கும் அடையாளமாகக் கருதப்பட்டது. 1540ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் எட்டாம் ஹென்றி மன்னரை மணந்த கிளீவ்ஸ் நாட்டு ஆன், மணிகள் பதித்த பொன்முடியில் ரோஸ்மேரிக் கிளைகளைச் செருகியிருந்தார் என்று அக்கால வரலாற்றுக் குறிப்பு கூறுகிறது. எளிய குடிகளின் திருமணத்திலும் அதே ரோஸ்மேரிதான் இடம்பெற்றது. அரண்மனைக்கும் குடிசைக்கும் பொதுவான ஒரு செடி! கொல்லைப்புறத்தில் வளர்வதற்கு விலை ஏது?

மலருக்கு வந்த மொழி

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் தூதரின் மனைவியாகத் துருக்கி நாட்டுக்குச் சென்ற மேரி வோர்ட்லி மாண்டெகு அம்மையார், அங்குள்ள பெண்கள் மலர்களையும் பிற சிறு பொருள்களையும் அனுப்பி மறைபொருளாகச் செய்தி சொல்வதைக் கடிதத்தில் வருணித்தார். அக்கடிதங்கள் 1763இல் நூலாக வந்தன. 1819இல் பாரிஸ் நகரில் சார்லோட் டி லத்தூர் என்ற புனைபெயரில் 'மலர்களின் மொழி' என்னும் பிரெஞ்சு நூல் வெளிவந்தது. அதன்பின் அதுபோன்ற நூல்கள் ஐரோப்பாவெங்கும் பெருகின. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொருள் கற்பிக்கப்பட்டது. இங்கிலாந்தில் ஓவியர் கேட் கிரீன்அவே 1884இல் வெளியிட்ட படநூல் அவற்றுள் புகழ்பெற்றது.

இந்நூல்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன என்பது வேடிக்கை. ஒரு நூலில் காதலைக் குறித்த மலர் இன்னொன்றில் வேறொன்றைக் குறித்தது. ஆயினும் மணமகளின் கையில் இருப்பது வெறும் அழகுப்பொருள் அன்று, பொருள் பொதிந்த ஒன்று என்னும் எண்ணம் அப்போதுதான் வேரூன்றியது. சிறு கைச்செண்டுகளை ஏந்துவதற்கென வெள்ளியில் அழகிய பிடிகள் கூடச் செய்யப்பட்டன. அச்செண்டுகள் ஒரு கைக்குள் அடங்கும் அளவே இருந்தன.

1840: ஓர் அரசி வகுத்த வழி

1840ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் விக்டோரியா அரசி இளவரசர் ஆல்பர்ட்டை மணந்தார். அதற்கு முன் இங்கிலாந்து மணமகள்கள் பலர் தம்மிடம் உள்ள ஆடைகளில் சிறந்ததை, எந்த நிறமாயினும், அணிந்தார்கள். விக்டோரியா வெண்பட்டு அணிந்தார். அதில் டெவன் பகுதியின் ஹானிட்டன் வகைப் பின்னல் வேலைப்பாட்டைச் சேர்த்தார். இயந்திரப் பின்னலின் வருகையால் நலிந்திருந்த கைவினைஞர்களுக்கு வேலை கிடைத்தது. தலையில் வைரமுடி இல்லை. ஆரஞ்சுப் பூ முடிமாலைதான். அவருடைய தோழியர் 12 பேரும் வெண்ணிற ஆடையில் வெண்ரோஜாக்கள் சூடி வந்தனர்.

அரசி செய்ததை நாடே செய்ய விரும்பியது. ஆனால் குளிர்நாட்டில் ஆரஞ்சுப் பூவுக்கு எங்கே போவது? கண்ணாடிக் கூடங்களில் வளர்க்கப்பட்ட அப்பூ விலை மிகுந்தது. நடுத்தரக் குடும்பங்கள் கண்டுபிடித்த தீர்வு என்ன தெரியுமா? மெழுகுப் பூ! மெழுகில் வார்த்த ஆரஞ்சு மொட்டுகளைக் கம்பியில் கட்டி மணமகளுக்குச் சூட்டினார்கள். தாய் அணிந்ததை மகளும் அணிந்தாள். அவற்றுள் பல இன்றும் அருங்காட்சியகங்களில் உள்ளன. ஆக, 'இயன்ற விலையில் மணமலர்' என்னும் கவலை நம் காலத்துக்கே உரியது அன்று.

1845இல் செருமனிக்குச் சென்ற விக்டோரியாவுக்கு ஆல்பர்ட்டின் பாட்டியார் மிர்ட்டில் என்னும் செடியின் கிளை கொண்ட சிறு செண்டு ஒன்றைக் கொடுத்ததாக அரச குடும்ப மரபு கூறுகிறது. அம்மரபைச் சேர்ந்த மிர்ட்டில் செடி ஆஸ்போர்ன் மாளிகைத் தோட்டத்தில் வளர்க்கப்பட்டது. 1858இல் மூத்த மகளின் மணச்செண்டில் அதன் கிளை இடம்பெற்றது. அன்று தொடங்கி அரச குடும்ப மணமகள்களின் செண்டில் மிர்ட்டில் கிளை தொடர்ந்து வருகிறது. கடையில் வாங்கிய பூ அன்று. பாட்டி வீட்டுச் செடி!

கத்தரிப்பூ நிறமும் கொய்னாவும்

இனி நிறத்தின் கதைக்கு வருவோம். 1856இல் இலண்டனில் வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்னும் 18 வயது மாணவர், மலேரியாவுக்கு மருந்தாகிய கொய்னாவைச் செயற்கையாக உருவாக்க முயன்றார். நிலக்கரித் தாரிலிருந்து பெற்ற பொருளைக் கொண்டு செய்த அச்சோதனை தோற்றது. ஆனால் குடுவையின் அடியில் படிந்த கசடு, துணியில் பட்டபோது அழகிய கத்தரிப்பூ நிறத்தைத் தந்தது. அதுவே முதல் வணிகச் செயற்கைச் சாயம். பழங்காலத்தில் கடல் நத்தைகளிலிருந்து துளித்துளியாக எடுக்கப்பட்டு மன்னர்கள் மட்டுமே உடுத்திய நிறம், சில ஆண்டுகளில் கடைத்தெருவுக்கு வந்தது. 1858இல் மகளின் திருமணத்தன்று விக்டோரியா அரசியே இவ்வகை இளம் ஊதா நிறத்தில் ஆடை அணிந்தார். இந்நிறத்தின் மோகம் அந்த ஆண்டுகளில் அப்படி இருந்தது.

பின்னர் செயற்கைச் சாயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வெள்ளை உடுத்திய தோழியர் மெல்ல மெல்ல வண்ண ஆடைக்கு மாறினர். அப்போதுதான் தோழியின் ஆடைக்கு எந்தப் பூ பொருந்தும் என்னும் கேள்வி பிறந்தது. என் மாணவியின் 6 தோழியர் உடுத்தும் நிறத்துக்குப் பின்னால் ஒரு மலேரியா மருந்தின் தோல்வி இருக்கிறது என்று சொன்னபோது, பழையபடி அவள் கண்கள் விரிந்தன.

கறுப்பு ஏன் மங்கியது?

அந்தக் கேள்விக்கு விடை, கேள்வி பிறக்கும் முன்னரே ஒரு பிரெஞ்சு வேதியியலாளரிடம் இருந்தது. மிஷேல் யூஜேன் செவ்ரோல் என்பவர் 1824 முதல் பாரிஸின் கோபெலின் திரைச்சீலை நெசவுக்கூடத்தில் சாயப்பிரிவின் தலைவராக இருந்தார். அங்கு நெய்யும் நீல, ஊதாத் திரைகளில் கறுப்பு நூல் எடுப்பாகத் தெரியவில்லை என்று குறை வந்தது. அவர் கறுப்பு நூலைப் பிற ஊர் நூல்களோடு ஒப்பிட்டுச் சோதித்தார். சாயத்தில் குறை இல்லை. அப்படியானால் குறை எங்கே? பக்கத்து நிறத்தில்! அருகருகே வைத்த இரு நிறங்கள் நம் கண்ணில் ஒன்றையொன்று மாற்றிக் காட்டுகின்றன என்று அவர் கண்டார். 1839இல் இதை விரிவான நூலாக வெளியிட்டார். அந்நூலில் ஆடை, தோட்டத்து மலர்ப் பாத்தி ஆகியவற்றுக்கும் இவ்விதியைப் பொருத்திக் காட்டினார். அவர் 102 ஆண்டுகள் வாழ்ந்து 1889இல் மறைந்தார்.

அவர் விதியின் சாரம் எளியது. நிற வட்டத்தில் எதிரெதிரே நிற்கும் நிறங்கள் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். நெருங்கிய நிறங்கள் ஒன்றையொன்று மங்கச் செய்யும். வெண்மை தன் அருகிலுள்ள நிறத்தைத் தெளிவாக்கும். கலைக்கல்வி ஆசிரியர்கள் இதை வண்ணத்தாள்களைக் கொண்டு ஒரே பாடவேளையில் மாணவர்களுக்குக் காட்டிவிடலாம். ஒரே சாம்பல் நிறத் துண்டை மஞ்சள் தாளிலும் ஊதாத் தாளிலும் ஒட்டிப் பாருங்கள். இரு வேறு துண்டுகள் போலத் தோன்றும்.

பூச்செண்டு பெருத்ததும் சிறுத்ததும்

1845இல் பிரிட்டன் கண்ணாடி மீதான வரியை நீக்கியது. கண்ணாடிப் பயிர்க்கூடங்கள் பெருகின. தொடர்வண்டிகள் தொலைவிலுள்ள தோட்டங்களின் மலர்களை வாடும் முன்னர் இலண்டன் சந்தைக்குக் கொண்டு வந்தன. பூ மலிந்ததும் செண்டு பெருத்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மணமகளின் இடையிலிருந்து முழங்கால் வரை தொங்கும் அருவிச் செண்டுகள் நாகரிகமாயின.

பிறகு போர்கள் வந்தன. 1923ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், பின்னாளில் அரசியாகவிருந்த எலிசபெத் போவ்ஸ்-லயன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள் மணப்பெண்ணாக நுழைந்தார். அங்கே பெயர் அறியாப் போர்வீரரின் கல்லறை உள்ளது. அவருடைய அண்ணன் ஃபெர்கஸ் 1915இல் லூஸ் போர்க்களத்தில் மாண்டவர். மணமேடைக்குச் செல்லும் வழியில் அவர் நின்று, தம் கைச்செண்டை அக்கல்லறை மீது வைத்துவிட்டு வெறுங்கையோடு நடந்தார். அன்று முதல் அரச குடும்ப மணமகள்கள் திருமணம் முடிந்த பின் தங்கள் செண்டை அக்கல்லறைக்கு அனுப்பும் வழக்கம் நிலைத்தது. நான் படித்தவற்றுள் என்னை மிகவும் நெகிழச் செய்த செய்தி இதுவே.

இரண்டாம் உலகப்போரில் மலர்த் தோட்டங்கள் காய்கறித் தோட்டங்களாயின. 1941 சூன் முதல் 1949 மார்ச் வரை ஆடைக்கும் பங்கீடு இருந்தது. 1947 நவம்பர் 20ஆம் நாள் மணந்த இளவரசி எலிசபெத்தும் பங்கீட்டுச் சீட்டுகளைக் கொடுத்தே மண ஆடை பெற்றார். நாட்டு மக்கள் பலர் தங்கள் சீட்டுகளை அன்போடு அனுப்பி வைத்தனர். பிறர் சீட்டைப் பயன்படுத்துவது சட்டத்துக்கு முரண் என்பதால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. அவர் ஏந்திய வெள்ளை ஆர்க்கிட் செண்டு திருமணத்தன்றே காணாமற்போனது! பின்னர் அதேபோல் இன்னொன்று செய்து நிழற்படம் எடுக்க வேண்டியதாயிற்று. அரண்மனைத் திருமணத்திலும் பொருள் தொலையும் என்பது நம்மவர்க்கு ஓர் ஆறுதல் அல்லவா?

1981 சூலை 29ஆம் நாள் டயானாவின் கையில் ஒரு மீட்டருக்கும் மேல் நீண்ட அருவிச் செண்டு மீண்டும் வந்தது. உலகெங்கும் கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் கண்டனர். நம் நாட்டு நிழற்படக் கூடங்களிலும் அதன் சாயல் பல ஆண்டுகள் தொடர்ந்தது. ஆனால் 2011இல் கேத்தரின் ஏந்தியது அடக்கமான சிறு செண்டு. 2018இல் மேகன் ஏந்திய செண்டில் சில பூக்கள், முந்தைய நாள் மணமகன் ஹேரி தம் தோட்டத்தில் பறித்தவை. பெரிய செண்டு வேண்டும் என்னும் கட்டாயம் அரச குடும்பத்திலேயே இல்லாதபோது நமக்கு மட்டும் ஏன்?

நம்மைப் போல் ஓர் ஆசிரியை

இவ்வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத பெயர் கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை. 1886இல் பிறந்தவர். 1921இல் கிழக்கு இலண்டனில், தொழிற்கூடங்களில் வேலை செய்த பதின்ம வயதுப் பெண்கள் பயிலும் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனார். சமையல், தையல் ஆகியவற்றோடு வீட்டை மலரால் அழகுபடுத்துவதையும் அந்த ஏழைப் பெண்களுக்குக் கற்பித்தார். 1929இல் பூக்கடை தொடங்கினார். அக்காலப் பணக்காரர்கள் விலை உயர்ந்த பூக்களை விறைப்பாகக் கட்டி வைத்தபோது, இவர் வேலியோரக் காட்டுச்செடி, பாசி படர்ந்த கிளை, காய்கறித் தோட்டத்துக் கீரை இலை ஆகியவற்றைக் கொண்டு அலங்காரம் செய்தார். இலண்டன் கடை ஒன்றின் கண்ணாடிச் சாளரத்தில் இவர் வைத்த அலங்காரத்தைக் காண மக்கள் கூடினர்.

1934இல் தம் முறையை நூலாக எழுதினார். 1937இல் வின்ட்சர் கோமகனின் திருமணத்துக்கு மலர் அலங்காரம் செய்தவரும், 1953இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவில் மலர் அலங்காரப் பொறுப்பேற்றவரும் இவரே. அழகுக்கு விலை உயர்ந்த பூ தேவையில்லை, கூர்ந்து நோக்கும் கண்தான் தேவை என்பதைத் தம் வாழ்நாள் முழுதும் செய்து காட்டினார். தொழிற்கூடப் பெண்களிடம் கற்பித்ததையே அரண்மனையிலும் செய்தார் என்பது ஆசிரியர்களாகிய நமக்குப் பெருமை.

வரலாறு காட்டும் சிக்கன வழிகள்

இனி, செவ்ரோலின் விதியையும் ஸ்பிரை அம்மையாரின் கண்ணையும் நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, நிறம். கத்தரிப்பூ நிற ஆடைக்கு அதே நிறப் பூவைத் தேடி அலைவது வீண். கிடைத்தாலும் ஆடையில் கரைந்துவிடும். நிற வட்டத்தில் ஊதாவுக்கு எதிரே நிற்பது மஞ்சள். 'நடன மங்கை' என்று பெயர்பெற்ற சிறிய மஞ்சள் ஆர்க்கிட் அதற்கு மிகப் பொருத்தம். கருநீல ஆடைக்குச் செம்மஞ்சள் நிற கெர்பரா எடுப்பாக இருக்கும். சிவப்பு ஆடைக்கு வெள்ளைப் பூவும் நிறையப் பச்சை இலையும் போதும். இளஞ்சிவப்பு போன்ற மெல்லிய நிறத்துக்கு, அதே குடும்பத்தின் அடர்ந்த நிறத்தை எடுத்து நடுவே வெள்ளையைச் சேர்க்கலாம். பல வண்ணச் சேலை என்றால் வெள்ளையும் பச்சையும் மட்டுமே பாதுகாப்பு.

இரண்டாவது, விளக்கு. மண்டபத்தின் மஞ்சள் விளக்கில் நீலப் பூவும் ஊதாப் பூவும் மங்கிக் கறுத்துத் தெரியும். மாலை விருந்துக்கு வெளிர் நிறப் பூக்களே ஏற்றவை. ஆடைத்துணியின் சிறு துண்டு ஒன்றைக் கடைக்கு எடுத்துச் சென்று, அதே விளக்கொளியில் பூவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கைப்பேசிப் படத்தை நம்பி நிறத்தை முடிவு செய்யாதீர்கள்.

மூன்றாவது, நம் மண்ணில் விளைவது. குளிர்நாட்டிலிருந்து வானூர்தியில் வரும் பூவுக்கு நாம் பயணச் செலவையும் சேர்த்தே கொடுக்கிறோம். ஆர்க்கிட் நம் வெப்பநிலத்துக்கு உரியது. சிங்கப்பூரில் ஆக்னஸ் ஜோவாக்கிம் அம்மையாரின் தோட்டத்தில் பிறந்து, 1893இல் அறிவியலுலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆர்க்கிட், 1981இல் அந்நாட்டின் தேசிய மலரானது. 1947இல் இலண்டன் இளவரசி ஏந்திய அரிய ஆர்க்கிட்டின் உறவினர்கள் நம் வீட்டு வேலியோரம் பூத்துக் குலுங்குகின்றன! கேமரன் மலையில் விளையும் சாமந்தியும் ரோஜாவும் நமக்கு அண்மையில் கிடைப்பவையே. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள்: வெள்ளைச் சாமந்தியும் மஞ்சள் சாமந்தியும் சீனர்களிடையே துக்க நிகழ்வுகளுக்கு உரியவை. சீன நண்பர்கள் விருந்துக்கு வருவார்கள் என்றால் அந்த நிறங்களைத் தவிர்ப்பது பண்பு.

நான்காவது, அளவு. தோழியின் செண்டு மணமகளின் செண்டில் பாதியளவு இருந்தால் போதும். ஒரே வகைப் பூவில் ஒரு கைப்பிடி, சுற்றிலும் பெரணி இலை, ஆடை தைத்த துணியில் மிஞ்சிய நாடா. இதைக் கட்டுவதற்குப் பெரிய பயிற்சி தேவையில்லை. நம் வீட்டுப் பெண்கள் சரம் தொடுத்துப் பழகிய கை உடையவர்கள்.

ஐந்தாவது, நாள். காதலர் தினம், சீனப் புத்தாண்டு, தீபாவளி ஆகிய நாள்களை ஒட்டிப் பூவிலை ஏறும். திருமண நாளை மாற்ற இயலாவிடில், பூவின் வகையை மாற்றலாம்.

நிறைவாக

அந்த மாணவியும் தாயாரும் விலைச்சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டனர். மணமகளுக்கு மட்டும் வெள்ளை ஆர்க்கிட்டும் மல்லிகையும் சேர்த்து ஒரு செண்டைக் கடையில் கட்டச் சொன்னார்கள். தோழியரின் 6 செண்டுகளுக்கு மஞ்சள் ஆர்க்கிட்டை மொத்தமாக வாங்கி, முதல்நாள் இரவு பாட்டி வீட்டு ஐந்தடியில் அமர்ந்து தோழியரே கட்டினார்கள். பெரணி இலை பாட்டியின் பூந்தொட்டியிலிருந்து வந்தது. ஒரு செண்டு சற்றே கோணலாக இருந்தது. மண்டபத்தில் எவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தம்பியின் படிப்புக்கான சேமிப்பில் கை வைக்கவில்லை என்று தாயார் என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் நான் கண்ட நிம்மதியை இங்கே எழுத்தில் கொண்டுவர இயலவில்லை.

விருந்து முடிந்ததும் தோழியர் செண்டைத் தூக்கி எறியச் சொல்லி ஆரவாரம் செய்தனர். அவள் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாள். மண்டப வாயிலில் மாலையிட்டு வைத்திருந்த தந்தையின் படத்துக்கு முன் சென்று, அச்செண்டை வைத்துவிட்டு வந்தாள். 1923ஆம் ஆண்டுக் கதையை நான் சொன்னபோது அவள் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது.

பெற்றோர்களே, பிள்ளைகளின் ஆசைக்கு 'வேண்டாம்' என்று சொல்வது கடினம். கடன்பட்டு 'சரி' என்று சொல்வதும் நல்லதன்று. இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வழி பெரும்பாலும் இருக்கவே செய்கிறது. பிள்ளைகளோடு அமர்ந்து பேசினால் அது புலப்படும்.